மெத்தையைக் குளத்தில் போட்ட ஞாயிற்றுக்கிழமை

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் மகளே சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். மார்க்கெட்டில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பையில் போடமாட்டேன். கைப்பேசியில் யாராவது பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பினால், இவருக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் ஏதாவது காரியம் இருக்கத்தான் செய்யும். குளுவாங்கில் ஒரு கிளினிக்கின் முகப்பில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு உண்மையிலேயே வயிறு வலிக்கிறதா இல்லையா என்று அவன் கதவைத் தள்ளும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். டாக்டரே சில சமயம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் கையெழுத்துப் போடுவார்.

நாங்கள் இருப்பது பாலோ என்கிற சிற்றூருக்கு வெளியே. சுற்றிலும் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம். எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம், அதில் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் தண்ணீர் இஞ்சின் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் மற்ற ஆண்கள் கடைவாசலில் உட்கார்ந்து அரசியல் பேசப் போனார்கள்; இவர் ஆள் வைத்துக் குளம் வெட்டித் திலாப்பியா விட்டார். காலையில் எழுந்ததும் என்னிடம் பேசுவதற்கு முன்னால் மீன்களிடம் பேசுவார். தீனி வாளியைத் தட்டினால் போதும், குளம் முழுக்க வாயாகிவிடும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் கூப்பிட்டால் காது கேட்காது.

போன மழைக்காலத்தில் வெள்ளம் கரையைத் தாண்டியது. பாதிக்கு மேல் மீன்கள் போய்விட்டன. அவர் மறுபடியும் குஞ்சு வாங்கி விட்டார். நான் அப்போதே கறாராகச் சொல்லிவிட்டேன்.

"இன்னொரு தடவ இந்தக் குளத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா மண்ண கொட்டி மூடிட்டு மக வீட்டுக்குப் போயிரலாம். எனக்கும் முடியல, உங்களுக்கும் முடியல."

மகள் ஸ்கூடாயில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே போனால் எங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது, பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இவர் அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கினால் மூன்றாம் நாள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல ஜன்னல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். சாப்பாடு இறங்காது. குளத்தை மூடுவேன் என்று நான் சொன்னபோது அவர் தீனி வாளியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். நான் வெறும் மிரட்டலாகச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இனி என் கொழுந்தனைப் பற்றிச் சொல்லவேண்டும். இவருடைய தம்பி. நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான், நான்தான் சோறு கட்டிக் கொடுத்தேன். வளர்ந்து ரெங்கம் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் கையில் ஒரு வேலை இருக்கும்போதே மண்டையில் இன்னொரு வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி விற்றான். காந்தக் காப்பு விற்றான். அதைப் போட்டுக்கொண்டு என் மணிக்கட்டு பச்சையானதுதான் மிச்சம். ஒரு கடையின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, சூப் வைக்க நல்ல விலைக்குப் போகிற பறவைக்கூடு வளர்க்கிறேன் என்று ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் போட்டுவிட்டான். பறவை ஒன்றும் வரவில்லை. தூக்கம் கெட்ட அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் வந்தார்கள்.

இந்த வருஷம் அவன் கொண்டுவந்தது நார்.

ஆலையில் பழத்தை உதிர்த்த பிறகு வெறுங்குலை மலை மலையாகக் கிடக்கும். அதை நசுக்கி நாராக்கிக் குவித்திருப்பார்கள். ஏதோ பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து அந்த நாரைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனாராம். தண்ணீரில் எண்ணெய் கொட்டிவிட்டால் இந்த நாரைப் போட்டு எண்ணெயை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றாராம். இவன் அதைக் கேட்டுக்கொண்டு வந்து என் சமையலறையில் கடை விரித்தான்.

"அண்ணி, கடல்ல கப்பல் எண்ணெய் கொட்டுது, ஆத்துல ஃபேக்டரி எண்ணெய் கொட்டுது. எல்லாத்துக்கும் இதான் மருந்து. குப்பைனு தூக்கிப் போடறோம். பாருங்க."

என் பேசினில் தண்ணீர் பிடித்து அதில் கறுப்பு இஞ்சின் எண்ணெயை ஊற்றினான். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காய்ந்த நாரை ஒரு பிடி எடுத்து மேலே போட்டு, கொஞ்சம் புரட்டி, வெளியே எடுத்தான். தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக இருந்தது. என் வீட்டுக்காரர் கை தட்டினார்.

"கைய காட்டு," என்றேன் நான். விரலிடுக்கில் சோப்பு ஒளித்துவைத்திருக்கிறானோ என்று சந்தேகம். அவனைக் கை கழுவச் சொல்லி, வேறு பேசின் கொடுத்து, என் சமையல் எண்ணெயை நானே ஊற்றி மறுபடியும் செய்யச் சொன்னேன். அப்போதும் நார் எண்ணெயைக் குடித்தது. "நாரைக் காட்டு" என்று அதையும் மோந்து பார்த்தேன். வெந்நீரில் அலசி, நாலு வெயில் காயவைத்தது என்றான். எனக்கு ஏமாற்று பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்பதற்காக இல்லையென்று ஆகிவிடாது என்று நினைத்துக்கொண்டேன். அவன் போகும்போது, "எங்கயாச்சும் ஒரு நெச குளத்துல செஞ்சு வீடியோ எடுத்தாத்தான் அண்ணி ஜனங்க நம்புவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளுவாங்கில் காலைப் பூசைக்குப் போயிருந்தேன். இவர் முட்டி வலி என்று வரவில்லை. கோயிலில் கொழுந்தனையும் காணோம். அவன் மனைவி மட்டும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, போன் வந்து அவசரமாக எங்கோ போனார் அக்கா என்றாள். வீட்டுக்குத் திரும்பி முற்றத்தில் காரை நிறுத்தியபோதே டீசல் வாடை அடித்தது. வீட்டுக்குப் பின்னால் அவனுடைய லாரி நின்றது. லாரி நிறைய நார்.

குளத்தைப் பார்த்தேன். தண்ணீர் மேல் பாதிக்குப் பாதி வானவில் நிறத்தில் படலம். படலம் இல்லாத ஓரத்தில் மீன்கள் முண்டியடித்துக்கொண்டு வாயைத் தூக்கித் தூக்கிக் காற்று குடித்தன. தண்ணீரை இறைத்துத் தெளித்து மீனுக்குக் காற்று கொடுக்கிற பம்ப் ஓடவில்லை. ஓடினால் டீசல் அடித்தண்ணீர்வரை கலந்துவிடும் என்று நிறுத்தியிருந்தார்கள். அதே நேரத்தில், அதை நிறுத்தியே வைத்திருந்தால் மீன்களுக்கு மத்தியானம் தாண்டாது. என் வீட்டுக்காரர் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"தெரியலண்ணி," என்றான் கொழுந்தன், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால். "மேல இருந்து கால்வாயில வந்துருக்கும்."

"நீ எப்ப வந்த?"

"இப்பத்தான்."

இப்பத்தான் வந்தவனுடைய கால்சட்டை முழங்கால்வரை காய்ந்த சேறாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலையில் அவனுக்கு வேலை கிடையாது. எண்ணெய் கொட்டிய அதே காலையில், எண்ணெயை உறிஞ்சுகிற நாரோடு ஒருவன் எப்படி வந்து நிற்க முடியும்? எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது.

நான் பூசைக்குப் போன சேலையோடு, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் ஓரமாக நடந்தேன். மேலே டவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளி மண் தோண்டும் இயந்திரங்களை நிறுத்திவைக்கிற இடம் இருக்கிறது. முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். அதுவரைக்கும் போய்க் குனிந்து பார்த்தேன். கால்வாயில் தண்ணீர் சுத்தமாக ஓடியது. டீசல் வாடைகூட இல்லை. ஆக, எண்ணெய் மேலேயிருந்து வரவில்லை. எங்கள் வேலிக்குள்ளேதான் கொட்டியிருக்கிறது.

திரும்பி வந்து பம்ப் கொட்டகையைப் பார்த்தேன். கொட்டகைக்குப் பக்கத்தில் தரையைப் புதிதாகச் சுரண்டி, மேலே நாரைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் மோட்டார் சைக்கிளையும் காணோம். கேட்டால், "பஞ்சர் அண்ணி, கடையில விட்டுருக்கு," என்று அதற்கும் அவனே பதில் சொன்னான். இவரைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் இவன் பதில் சொல்கிறான். நான் கைப்பேசியை எடுத்தேன்.

"அலமாக்! யாருக்கு அண்ணி?"

"போலீசுக்கு. சுற்றுச்சூழல் ஆபீசுக்கு. யாராச்சும் வந்து பாக்கட்டும்."

"வேணாம் அண்ணி. வந்தா மொதல்ல பம்புக்கு வச்சிருக்கற இந்த டீசல் டிரம்முக்குப் பர்மிட் எங்கனு அண்ணனத்தான் கேப்பாங்க. மீன காப்பாத்திட்டு அப்புறம் பேசுவோம்லா."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததே எனக்குக் கூடுதல் சந்தேகத்தைக் கொடுத்தது. ஆனால் மீன்கள் வாயைத் தூக்கிக்கொண்டிருந்தன. போனை உள்ளே வைத்தேன்.

நாரைக் குளத்தில் கொட்டினார்கள். வெங்காயம் வரும் வலைச் சாக்குகளில் திணித்து, கயிற்றில் கோத்து, இரண்டு கரையிலும் பிடித்துக்கொண்டு படலத்தை ஒரு மூலைக்கு ஓட்டப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாக்குகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. அதோடு விடவில்லை. போட்ட இடத்திலெல்லாம் மஞ்சளாக இன்னொரு படலம் விரிந்தது. நான் தலையில் கை வைத்தேன். அவசரத்தில் ஆலைக் குவியலிலிருந்து அப்படியே அள்ளி வந்திருக்கிறான். அலசவும் இல்லை, காயவும் இல்லை. ஈர நார் தண்ணீரைக் குடித்துவிட்டு, தன்னிடம் மிச்சமிருந்த செம்பனை எண்ணெயைக் குளத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. இருக்கிற எண்ணெய் போதாதென்று மேலும் எண்ணெய் ஊற்றி வைத்தியம் பார்த்த ஒரே குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

"காயவச்ச நார் எங்க? என் பேசின்ல போட்டியே, அது?"

"வீட்டுல நாலஞ்சு சாக்குதான் இருக்கு அண்ணி. பத்தாது." அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினான். "அண்ணி, உங்க பழைய மெத்த இருக்குல்ல? இலவம்பஞ்சு. அந்தப் பஞ்சு தண்ணிய தொடாது, எண்ணெய மட்டும் குடிக்கும்னு அந்த விரிவுரையாளர் சொன்னாரு."

அது என் கல்யாணச் சீர் மெத்தை. அப்பா, தோட்டத்தில் இருந்த இலவ மரத்துக் காய்களை உடைத்து, கொட்டை நீக்கி, ஆள் வைத்துத் தைத்துக் கொடுத்தது. ஸ்பிரிங் மெத்தை வாங்கிய பிறகு, நான் அதைக் கட்டி, கொசுவலையில் சுற்றி, ஸ்டோரில் வைத்திருந்தேன். யாருக்கும் கொடுத்ததில்லை.

"ஓ. என் மெத்தைய கிழிக்கத்தான் இவ்வளவு நாடகமா?" என்று கத்தினேன். "ஒனக்கு வீடியோ வேணும். நெச குளம் வேணும்னு நீதான் என் வீட்டுல நின்னு சொன்ன. இப்ப கொளமும் ரெடி, எண்ணெயும் ரெடி, நாரும் ரெடி. நீ ஊத்துனதுதானடா இது?"

இப்படி நேருக்கு நேர் கேட்டால் மனிதன் கோபப்படுவான். அவன் கோபப்படவில்லை. தன் அண்ணனைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் வாளியிலிருந்து எழுந்தார். "ஏம்மா..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கொழுந்தன் குறுக்கே விழுந்தான்.

"ஆமா அண்ணி. நான்தான். லாரியில டிரம் கொண்டாந்தேன், எறக்குறப்ப கவுந்துருச்சு. வேணும்னு ஊத்தல. இப்ப மெத்தைய குடுங்க."

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது. சந்தோஷம் என்றே சொல்லலாம். அந்தச் சந்தோஷத்தோடுதான் ஸ்டோருக்குப் போனேன். மெத்தையை அவன் கையில் கொடுக்கவில்லை. கத்தியை எடுத்து நானே தையலைப் பிரித்தேன்.

கொசுவலையைத் துண்டு துண்டாகக் கிழித்து, அதில் பஞ்சைத் திணித்து, நீளநீளமாகக் கட்டினோம். இதற்குள் கொழுந்தன் மனைவியும் காய்ந்த நார்ச் சாக்குகளோடு வந்துவிட்டாள். காற்று தென்னை மரத்துப் பக்கம் அடித்ததால் படலம் அந்த மூலைக்கு ஒதுங்கியது. நார்ச் சாக்குகளைக் கோத்து அந்த மூலையை மறித்தோம். உள்ளே பஞ்சுக் கட்டுகளை எறிந்தோம். அவை அமிழவில்லை. மேலேயே மிதந்து, வெள்ளையிலிருந்து பழுப்பாகி, கனத்தன. எடுத்து வாளியில் பிழிந்தால் டீசல் ஒழுகியது. பிழிந்து மறுபடியும் எறிந்தோம். நான் இடுப்பளவு தண்ணீரில் பூசைச் சேலையோடு நின்றேன். கையெல்லாம் எரிந்தது. ஏமாற்று எதுவும் இல்லை என்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். என் அப்பா கொடுத்த மெத்தை என் கண்ணெதிரே டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் படலம் கிழிந்து, அங்கங்கே திட்டுத் திட்டாக மட்டும் மிஞ்சியது. கால்வாயைத் திறந்து நல்ல தண்ணீரை விட்டோம். பம்பை ஓட்டினோம். கரையோரம் சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மற்றவை மெல்ல மெல்ல உள்ளே இறங்கின. பிழிந்த டீசலையும் பழுப்பேறிய பஞ்சையும் மூடி போட்ட டிரம்மில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கிற லாரி வரும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான் கொழுந்தன். அங்கேதான் கொடுத்தானா என்று மறுநாள் பட்டறைக்குப் போன் செய்து கேட்டேன். கொடுத்திருந்தான்.

மீன் பிழைத்துவிட்டதால் குளத்தை மூடும் பேச்சை நான் எடுக்கவில்லை. குற்றம் குளத்துடையது அல்லவே, இவனுடையதுதானே. இனி இந்த வீட்டுப் பக்கம் லாரியைக் கொண்டுவராதே என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு சரியாகப் பேசவில்லை. தம்பியைத் திட்டிவிட்டேன் என்று கோபம் போல என்று நினைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அவன ஒன்னும் சொல்லாத," என்றார் ஒரு தடவை. "நீங்கதான் எடம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க," என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, ரொட்டி சானாய் வாங்குவதற்கு முச்சந்தியில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்துகிற மாமாக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ரொட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, ஐயாவுக்கு இனிப்பு நீரு இருக்குல்ல? தேத்தண்ணிய கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

"அவரு ஒரு தேதான குடிப்பாரு?"

"முன்ன ஒன்னுதான். இப்ப குடிச்சு முடிச்சு, கிளாஸ நான் எடுத்துட்டுப் போனதும், 'தம்பி, என் தே இன்னும் வரலியே'ங்கிறாரு. பெரியவருகிட்ட என்னத்த சொல்றது? இன்னொன்னு போட்டுக் குடுத்துர்றேன். அந்த ஞாயித்துக்கெழம மூணு குடிச்சாரு. அப்புறம் திடீர்னு எந்திரிச்சு, 'ஐயோ, டீசல்'னு சொல்லிட்டு ஓடுனாரு. மோட்டார் சைக்கிள்ல வந்தவரு அத விட்டுட்டு ஓடுறாரு! மத்தியானத்துக்கு மேல அவரு தம்பி வந்துதான் மோட்டார் சைக்கிள லாரியில ஏத்திட்டுப் போனாரு."

ரொட்டியை வாங்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தேன். சாவியைப் போடாமல், அவர் டீசல் நிரப்பும் விதத்தை நினைத்துப் பார்த்தேன்.

டீசல் நிரப்புவதற்கு என் வீட்டுக்காரரிடம் தோட்டத்துப் பழக்கம் ஒன்று உண்டு. டிரம் பலகை மேல் உயரத்தில் இருக்கும். பம்பின் தொட்டி கீழே. ரப்பர் குழாயின் ஒரு முனையை டிரம்மில் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி, டீசல் வந்ததும் துப்பிவிட்டுத் தொட்டியில் சொருகி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுத் தே குடிக்கப் போவார். தோட்டத்தில் இஞ்சின்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். ஒரு தே குடித்துவிட்டு வரும் நேரமும் தொட்டி நிரம்பும் நேரமும் ஒன்று. கடிகாரமெல்லாம் பார்க்கவேண்டாம். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் ஒரு சொட்டு வழிந்ததில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குடித்த தே அவருக்கு நினைவில் இல்லை. குடிக்காத தேவுக்காக உட்கார்ந்திருந்தார். இங்கே தொட்டி நிரம்பி, வழிந்து, குளத்துக்குள் ஓடியிருக்கிறது.

எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளம் வந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. போன மாதம் மகள் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். வயசு என்று விட்டுவிட்டேன். உப்பு போட்ட குழம்பில் மறுபடியும் உப்பு போட்டார். கவனமில்லை என்று திட்டினேன். ஊரில் எவன் என்ன மறைக்கிறான் என்று துருவித் துருவிப் பார்த்தவளுக்கு, பக்கத்தில் படுத்திருக்கிற மனிதனை ஒரு நாளும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அப்படியே கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவன் மனைவி, "வாங்கக்கா" என்று சொல்லவில்லை. "இன்னும் ஏதாச்சும் திட்ட பாக்கி இருக்கா?" என்றாள். அவன் உள்ளேயிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தான். நான் சொல்லாமலே புரிந்துகொண்டான்.

"அண்ணன் போன்ல அழுதாரு அண்ணி," என்றான். "எங்கப்பா செத்தப்பகூட அவரு அழுது நான் பாக்கல. 'அவளுக்குத் தெரிஞ்சா கொளத்த மூடிருவாடா, என்னைய மாடியில கொண்டுபோய் வச்சிருவாடா'னாரு. நாரு இருக்குற எடம் எனக்குத் தெரியும், அள்ளிப் போட்டுட்டு ஓடியாந்தேன். காயாத நாருனு யோசிக்கக்கூட தோணல."

"ஏண்டா நான்தான்னு சொன்ன? ஒன்னைய நான் எவ்வளவு கேவலமா பேசுனேன்."

"எம் மேல உங்களுக்கு ஏற்கெனவே நம்பிக்க இல்ல. இன்னும் கொஞ்சம் போனா என்ன?"

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தாள், ஆனாலும் கொடுத்தாள்.

மருத்துவமனையில் நாள் வாங்கியிருக்கிறேன். சர்க்கரைக்கு என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "இங்க கூட்டிட்டு வந்துரும்மா," என்று அவள் போனில் அழுதாள். கூட்டிப்போவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கும் தெரியும். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

நேற்று சாயங்காலம் அவர் பம்புக்கு டீசல் நிரப்பினார். குழாயை உறிஞ்சினார், துப்பினார், கல்லை வைத்தார். "ஒரு தே குடிச்சுட்டு வரேன்," என்றார். நான் துணி மடித்துக்கொண்டே தலையாட்டினேன். மோட்டார் சைக்கிள் சத்தம் சாலைக்குப் போனதும் கொட்டகைக்குப் போய்த் தொட்டிப் பக்கத்தில் நின்றேன். நிரம்பியதும் குழாயை எடுத்து, மூடியைத் திருகி, குழாயைத் துடைத்து, அவர் எப்போதும் மாட்டுகிற ஆணியில் மாட்டினேன். உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளை அணைக்காமலே இறங்கி ஓடினார். கொட்டகை வாசலில் நின்று ஆணியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"நான்தான் மூடிட்டுப் போனேனா?"

"பின்ன வேற யாரு?" என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்தார். என் கையை எடுத்து, மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். டீசல் வாடை ஒரு தடவை கழுவினால் போகாது. மோந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை.